அகத்தில் எது, புறத்தில் எது: நிரல்மொழியும் அட்டவணையும்

ஒரு பொருளுக்கு உரியது எது, அதனோடு சேர்ந்திருப்பது மட்டுமே எது என்னும் வினா தருக்க நூல்களில் மிகப் பழையது. இந்தியத் தத்துவ மரபினருள் ஒருவரான வைசேடிகர் இவ்விரண்டு உறவுகளுக்கும் தனித்தனியே பெயரிட்டனர்: நூலும் ஆடையும் போல, ஒன்றை விலக்கினால் மற்றது இல்லாமற்போகும் பிரிவற்ற உறவு சமவாயம், தரையும் அதன்மேல் வைத்த குடமும் போல, பிரித்தாலும் இரண்டும் தத்தம் நிலையில் குறைவின்றி நிற்கும் சேர்க்கை சையோகம். நிரல்மொழிகளை ஆக்குவோரிடையே நெடுங்காலமாக ஓயாது நடந்துவரும் ஒரு வழக்கு, உற்றுநோக்கினால், இந்தப் பாகுபாட்டைப் பற்றிய வழக்கே ஆகும். தரவை வடிகட்டவும் தொகுக்கவும் கூட்டவும் இணைக்கவும் உதவும் கருவிகள் மொழியின் உள்ளேயே இருக்க வேண்டுமா, வேண்டும்போது வெளியிலிருந்து வரவழைக்கப்பட வேண்டுமா என்பது அவ்வழக்கு.

இங்கே அகம் என்பது, மொழியைக் கணினியில் நிறுவியவுடன், வேறொன்றையும் தரவிறக்காமல் எழுதுபவர் கைக்குக் கிட்டும் சொற்களும் குறிகளும் இலக்கண விதிகளும் ஆகும். புறம் என்பது அம்மொழியைப் பயன்படுத்திப் பிறர் எழுதி வெளியிடும் நூலகங்கள். லைப்ரரி என்றும் பேக்கேஜ் என்றும் நிரலர் அழைக்கும் இவை, தேவைப்படுவோர் மட்டும் தேடி நிறுவிக்கொள்பவை. அகமா புறமா என்ற கேள்விக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் நடைமுறை சார்ந்தவை: மொழி பெருத்துவிடும், பராமரிக்க ஆள் போதாது, அல்லது மறுதலையாக, புதிதாகக் கற்பவர் பத்து நூலகங்களுக்கு நடுவே திசை தெரியாமல் திண்டாடுவார் என்பன போன்றவை. இவை பொய்யல்ல. ஆனால் இவற்றை மட்டும் கொண்டு முடிவுசெய்வது, வீட்டில் எந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்த்து, வந்தவர் என்ன உறவு என்பதைத் தீர்மானிப்பது போன்றது.

இவ்வழக்கை ஆராய ஆர் என்னும் மொழியே தக்க களம். பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய துணைவர்களும் 1976இல் தொடங்கிய எஸ் மொழியின் வழித்தோன்றலான அதை, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் ஆக்கினர், அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. புள்ளியியல் மாதிரிகளை எஸ் மொழியில் அமைப்பது பற்றிச் சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் 1992இல் தொகுத்த நூல் டேட்டா ஃபிரேம் என்ற வடிவத்தை நிலைநிறுத்தியது. தமிழில் தரவுச்சட்டகம் எனத் தகும் இது ஓர் அட்டவணை: நெடுவரிசை ஒவ்வொன்றும் தனக்குள் ஒரே வகைத் தரவைக் கொண்டிருக்கும், ஒரு நெடுவரிசையின் வகை மற்றதன் வகையோடு ஒத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் எல்லா நெடுவரிசைகளும் ஒரே நீளமுடையவை. கணிதத்தின் அணி எல்லா இடத்திலும் எண்ணையே கேட்கும். தரவுச்சட்டகமோ பெயரையும் வயதையும் ஆம்-இல்லை என்ற விடையையும் அருகருகே இருக்கவிடும். ஆர் மொழியில் இது எண்ணும் எழுத்துச்சரமும் போலவே அகத்துள் இருக்கிறது. யாரும் தனியே நிறுவுவதில்லை.

இது சமவாயமா? கறாரான தருக்கத்தில் இதற்கு விடை எளிதன்று. ஆர் மொழியின் தரவுச்சட்டகத்தைப் பிரித்துப் பார்த்தால் எஞ்சுவது ஒரு சாதாரணப் பட்டியலும் அதன்மேல் ஒட்டிய மூன்று குறிப்புகளுமே: நெடுவரிசைகளின் பெயர்கள், கிடைவரிசைகளின் பெயர்கள், இது இன்ன வகை என்னும் முத்திரை. ஆகவே அது மொழியின் அடிப்படை அணு அன்று, அணுக்களால் ஆனது. ஆடையும் நூலால் ஆனதுதான். அதனால் ஆடை என்று ஒன்று இல்லை என்று வைசேடிகர் கூறவில்லை, பௌத்தர் கூறினர். நிரல்மொழியாளர்களிடையே இவ்விரு கட்சிகளும் இன்றும் உண்டு.

அகத்தில் இடம்பெறுவதன் விலை என்ன என்பதை ஒரு சிறு அட்டவணையைக் கொண்டே காணலாம். ஒரு வகுப்பின் மதிப்பெண் நெடுவரிசையில் 72, 45, 100 என்று மூன்று எண்கள் இருக்க, நான்காம் மாணவர் தேர்வுக்கு வராமையால் எழுத்தர் அவ்விடத்தில் 'வரவில்லை' என்று தட்டச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 2020க்கு முந்திய ஆர் இக்கோப்பைப் படிக்கும்போது, எழுத்து கலந்த நெடுவரிசையை எண்ணாகக் கொள்ள முடியாமையால் அதைத் தானாகவே ஃபாக்டர் ஆக்கிவிடும். அதாவது, வெவ்வேறு மதிப்புகளை அகராதி முறையில் அடுக்கி, 1, 2, 3 என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையெண் கொடுத்து, உள்ளே அவ்வரிசையெண்களையே சேமித்துவைக்கும். எழுத்துகளாகப் பார்க்கும்போது 100 என்பது 1இல் தொடங்குவதால் முதலிலும், 45 இரண்டாவதாகவும், 72 மூன்றாவதாகவும், 'வரவில்லை' இறுதியிலும் நிற்கும். பின்னர்ப் பயனர் அந்நெடுவரிசையை எண்ணாக மாற்றும்படி கட்டளையிட்டால், எச்சரிக்கை எதுவுமின்றி 3, 2, 1, 4 என்ற விடை வரும். நூற்றுக்கு நூறு வாங்கியவர் ஒன்று வாங்கியவராவார். தேர்வுக்கே வராதவர் நான்கு வாங்கி எல்லாரையும் முந்திவிடுவார்.

இது முட்டாள்தனத்தால் விளைந்ததன்று. 1992ஆம் ஆண்டின் புள்ளியியலாளருக்கு எழுத்தாக வரும் தரவு பெரும்பாலும் வகைப்பெயரே: ஆண், பெண், மருந்து பெற்றோர், பெறாதோர். அவற்றை எண்ணிட்டு வைப்பது மாதிரிகளை அமைக்க வசதியானது. பின்னாளில் தரவு என்ற சொல்லே முகவரிகளையும் கருத்துரைகளையும் பெயர்ப்பட்டியல்களையும் தழுவி விரிந்தபோது அந்த இயல்பிருப்பு பொருந்தாமற்போயிற்று. பொருந்தவில்லை என்று பலரும் அறிந்த பின்பும் அது மாறவில்லை. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில்தான், அதாவது 1.0.0 வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்புதான், இயல்பிருப்பு தலைகீழாக்கப்பட்டது. புறத்தில் இருக்கும் நூலகம் தவறு செய்தால் அதை விட்டு வேறொன்றுக்குப் போகலாம். அகத்தில் இருப்பது தவறினால், அத்தவறின்மேல் அதற்குள் ஆயிரக்கணக்கான நிரல்கள் எழும்பியிருக்கும். தவறைத் திருத்துவதே அந்நிரல்களுக்குப் புதிய தவறாகும்.

புறத்தில் இருப்பவற்றின் வரலாறு இதற்கு நேர்மாறாக ஓடியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிடைவரிசையும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நெடுவரிசையும் கொண்ட அகன்ற அட்டவணையை, மாணவர், பாடம், மதிப்பெண் என்று மூன்றே நெடுவரிசைகள் கொண்ட நீண்ட அட்டவணையாக மாற்றும் ஒரு வேலை உண்டு. ஹேட்லி விக்கம் இதற்கென 2000களின் நடுவில் வெளியிட்ட நூலகத்தில் இம்மாற்றம் 'உருக்கு' என்றும் எதிர்மாற்றம் 'வார்' என்றும் உலோகப்பட்டறைச் சொற்களால் வழங்கப்பட்டது. 2014இல் டைடிஆர் என்ற நூலகத்தில் அவையே 'திரட்டு', 'பரப்பு' ஆயின. எது எந்தத் திசை என்று பயனர்கள் தடுமாறியதால் 2019இல் 'நீளமாக்கு', 'அகலமாக்கு' என்னும் பொருள்படும் பெயர்களோடு மூன்றாம் முறை பிறந்தன. இவ்வளவு காலமும் ஆர் மொழியோடு கூடவே வரும் ரீஷேப் என்ற செயற்கூறு அதே வேலைக்காக, அதே பழைய வடிவில், உதவிக்குறிப்பைத் திறக்காமல் யாராலும் எளிதில் எழுத முடியாததாக, அசையாமல் நின்றது. முதல் முயற்சியின் பட்டறைச் சொற்கள் அகத்துள் புகுந்திருந்தால் மூன்றாம் முயற்சி பிறந்திருக்குமா என்பது ஐயமே.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும்போது, 'தரவைக் கையாளும் நூலகம் மொழிக்கு உரியதா' என்ற வினா பிழையாக அமைந்த வினா என்பது புலப்படும். அந்நூலகம் ஒரு பொருள் அன்று, மூன்று. தமிழ் இலக்கணம் சொற்களைப் பகுக்கும் முறை இவ்விடத்தில் எதிர்பாராத அளவுக்குப் பொருந்துகிறது. தொல்காப்பியம் பெயர், வினை என்னும் இரண்டையே சொல் என்று முதலில் நிறுத்தி, இடையையும் உரியையும் அவற்றைச் சார்ந்து வருவனவாக வைத்தது. இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது. பெயரோடும் வினையோடும் கூடி அவற்றுக்கிடையே உறவை உண்டாக்கும். அட்டவணை என்னும் வடிவம் பெயர். வடிகட்டு, தொகு, இணை என்பன வினைகள். விக்கம் 2014இல் வெளியிட்ட டீபிளையர் நூலகம் தன்னைத் தரவைக் கையாளுதலின் இலக்கணம் என்றும், தன் செயற்கூறுகளை வினைகள் என்றும் அழைத்துக்கொள்வதால், இந்தப் பகுப்பு வலிந்து புகுத்தப்பட்டதும் அன்று. ஆர் மொழியின் அனுபவம் காட்டுவது, பெயர் அகத்தில் இருந்ததால் நன்மை விளைந்தது, வினை புறத்தில் இருந்ததால் நன்மை விளைந்தது என்பதே. 2006இல் வந்த டேட்டா டேபிள் நூலகமும், பின்னர் வந்த டிபில் வடிவமும் அகத்திலுள்ள தரவுச்சட்டகத்தின் முத்திரையையும் தாங்கியே வருகின்றன. ஆகவே இவற்றை ஒருபோதும் அறியாத பழைய செயற்கூறுகளும் இவற்றைத் தரவுச்சட்டகம் என்றே ஏற்றுக்கொள்கின்றன. பெயர் பொதுவாக இருந்தமையால் வினைகள் போட்டியிட முடிந்தது. ஃபாக்டர் விபத்து இதற்கு மறுப்பாகாதா எனின், ஆகாது. கோப்பைப் படிக்கும்போது எதை எதுவாக மாற்றுவது என்பது வினையே, பெயரன்று.

எஞ்சியது இடைச்சொல். அதற்குப் பைத்தான் மொழியில் ஒரு வியத்தகு சான்று உண்டு. பைத்தான் அட்டவணையையோ அணியையோ தன் அகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 1990களில் நியூமெரிக் என்றும் 2006 முதல் நம்பை என்றும் அணிகளுக்கான நூலகங்கள் புறத்திலேயே வளர்ந்தன. அட்டவணைக்கான பாண்டாஸ் நூலகத்தை வெஸ் மெக்கின்னி 2008இல் எழுதத் தொடங்கினார். ஆனால் 2015இல் வந்த பைத்தான் 3.5 பதிப்பில் @ என்னும் குறி, அணிப்பெருக்கலைக் குறிப்பதற்கென்றே, இரண்டு உருக்களுக்கு நடுவே இடும் செயற்குறியாக மொழியின் இலக்கணத்தில் சேர்க்கப்பட்டது. மொழியோடு வரும் எண்ணோ பட்டியலோ எதுவும் அக்குறிக்குப் பொருள் தருவதில்லை. இரண்டு பட்டியல்களுக்கு நடுவே அதை இட்டால் பிழைச்செய்தியே வரும். நம்பை போன்ற புறநூலகம் வந்து தன் அணிகளை அதன் இருபுறமும் நிறுத்தும்போதுதான் அது பொருள்படுகிறது. ஒரு மொழி, தனக்குள் இல்லாத ஒன்றுக்காகத் தன் இலக்கணத்தில் இடம் ஒதுக்கி வைத்திருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். இடைச்சொல் என்ற கருத்தை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை.

ஆர் மொழியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒரு வினையின் விளைவை அடுத்த வினைக்குக் கையளிக்கும் குழாய்க்குறியை 2014இல் மாக்ரிட்டர் என்ற புறநூலகம் பரப்பியது. ஏழாண்டுப் பழக்கத்தால் எழுதுவோர் கையில் அது படிந்த பின்னர், 2021 மே மாதம் வந்த 4.1.0 பதிப்பில் |> என்னும் வடிவில் மொழியே தனக்கென ஒரு குழாய்க்குறியை அமைத்துக்கொண்டது. சி ஷார்ப் மொழி 2007இல் ஏற்ற லிங்க் என்னும் வினவல் தொடர்களும், பார்வைக்கு வினைகளாகத் தோன்றினும், உள்ளபடி இடைச்சொற்களே. மொழிபெயர்ப்பி அவற்றை ஏதோ ஒரு நூலகம் தரும் செயற்கூறுகளாக மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, தரவுத்தளம் என்ற ஒன்று இருப்பதே மொழிக்குத் தெரியாது. நிரல்மொழியாளர் கய் ஸ்டீல் 1998இல் ஆற்றிய ஒரு புகழ்பெற்ற உரையில், பயனர் ஆக்கும் புதுச்சொற்கள் மொழியோடு பிறந்த சொற்களிலிருந்து வேறுபாடு தெரியாதபடி அமைய மொழி இடம்தர வேண்டும் என்று வாதிட்டார். அவர் வேண்டியது இந்த இடைச்சொல் இடங்களையே என்று கொள்ளலாம்.

இதற்கு எதிரான சான்று இல்லாமலில்லை. ஆர்தர் விட்னி ஆக்கிய க்யூ மொழியில் அட்டவணையும் அகத்தில் உள்ளது, தேர்ந்தெடு, தொகு என்னும் வினைகளும் அகத்திலேயே உள்ளன, அம்மொழியால் வேலை நடக்கவும் செய்கிறது. ஆயினும் அது பங்குச்சந்தை போன்ற காலவரிசைத் தரவை ஆள்வோருக்கான மொழி. தெரிந்த சில வேலைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது. எஸ்கியூஎல் மொழிக்கும் இதுவே பொருந்தும். எல்லாருக்கும் பொதுவாகிய மொழிக்கு அந்த உரிமை கிடையாது. பைத்தான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் பெட்டியிலேயே வைத்துத் தருவதைப் பெருமையாகக் கொண்டிருந்தது; அப்பெட்டியில் தங்கிப்போன டெல்நெட் இணைப்பு, வழக்கொழிந்த ஒலிக்கோப்பு வடிவங்கள் முதலியவற்றுக்கான 19 கூறுகள் 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்போடு முற்றாக அகற்றப்பட்டன.

பெயர் அகத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மேலும் ஆழமான ஒரு காரணம் உண்டு. அது இன்மையைப் பற்றியது. வைசேடிகர் முதலில் ஆறு பதார்த்தங்களையே, அதாவது அடிப்படைப் பொருள்வகைகளையே, கொண்டனர்; பிற்காலத்தவரே அபாவம், அதாவது இன்மை, என்பதை ஏழாவதாகச் சேர்த்தனர். தத்துவ முறைகளின் அகமும் வளரத்தான் செய்கிறது. அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும்போது அங்கே இருப்பது என்ன என்பது மொழியின் அடிமட்டத்தைத் தொடும் கேள்வி, ஏனெனில் அந்த வெறுமை கூட்டலிலும் ஒப்பீட்டிலும் நிபந்தனையிலும் எங்கும் நுழையும். ஆர் தன் அகத்திலேயே அதற்கு என்.ஏ. என்ற மதிப்பை வைத்துள்ளது. தெரியாத மதிப்பு ஐந்தை விடப் பெரிதா என்று கேட்டால் விடையும் தெரியாது என்றே வரும். ஆனால் 'தெரியாதது அல்லது உண்மை' என்று கேட்டால் உண்மை என்று வரும், ஏனெனில் தெரியாதது எதுவாக இருந்தாலும் முழுத்தொடர் உண்மையாகவே முடியும். இந்த மூவகைத் தருக்கம் மொழியின் எலும்பில் உள்ளது.

பைத்தானுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. எனவே பாண்டாஸ் நூலகம் வேறொன்றைக் கடன்வாங்கியது: பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது போன்ற பொருளற்ற கணக்குகளின் விளைவைக் குறிப்பதற்கெனத் தசம எண்களிடையே வைக்கப்பட்டிருந்த 'எண் அல்ல' என்னும் குறியீடு. தசம எண்களுக்கு மட்டும் உரிய குறியீடு ஆகையால், முழு எண்கள் கொண்ட நெடுவரிசையில் ஓர் இடம் வெறுமையானால் நெடுவரிசை முழுவதும் தசமமாகிவிடும். 72 என்று இருந்தது 72.0 ஆகும். மதிப்பெண்ணுக்கு இது வெறும் அழகுக்குறை. 17 இலக்க அடையாள எண்களுக்கு இதுவே கேடு, ஏனெனில் 64 துணுக்கு (பிட்) கொண்ட தசம எண் 9,007,199,254,740,992 வரையிலான முழு எண்களை மட்டுமே ஒன்றுகூட விடாமல் காட்டவல்லது. அதற்கு மேல் இறுதி இலக்கம் சத்தமின்றி மாறிப்போகலாம். ஒருவர் தம் அடையாள எண்ணைத் தராததால் மற்றொருவரின் அடையாள எண் பிறழ்கிறது. 2020இல் பாண்டாஸ் 1.0 தனக்கெனப் புதியதோர் இன்மைக் குறியைச் சோதனை முயற்சியாகக் கொண்டுவந்தது. புறத்தில் இருப்பது தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது என்பதற்கு இது சான்று. பெயரின் இயல்பைப் புறத்திலிருந்து அமைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் இதுவே சான்று.

அண்மைக்காலத்தில் இவ்வழக்கின் தரையே நகர்ந்திருக்கிறது. பாண்டாஸின் ஆக்கியோனாகிய மெக்கின்னியே தம் நூலகத்தின் பத்துக் குறைகளை 2017இல் ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டவர். அதற்கு முந்திய ஆண்டே அவரும் பிறரும் சேர்ந்து தொடங்கிய அப்பாச்சி ஆரோ என்னும் திட்டம், அட்டவணை கணினியின் நினைவகத்தில் எவ்வாறு அடுக்கப்பட வேண்டும் என்பதற்கு எந்த மொழியையும் சாராத ஒரு பொது வடிவத்தை வகுத்தது. அதே 2016இல் மெக்கின்னியும் விக்கமும், இரண்டு போட்டி மொழிகளின் இருபெரும் நூலகக்காரர்கள், அவ்வடிவத்தை அடியாகக் கொண்டு இரு மொழிகளும் படிக்கக்கூடிய ஃபெதர் என்ற கோப்பு வடிவத்தைக் கூட்டாக வெளியிட்டனர். பெயர் ஒரு மொழியின் அகத்திலும் இல்லை, அதன் நூலகத்தின் புறத்திலும் இல்லை. மொழிகளுக்கெல்லாம் வெளியே, நினைவகத்தில் கிடக்கிறது. சமவாயம் எனின் எதனோடு சமவாயம் என்று தருக்கநூலார் கேட்பர்.

ஆரோ வடிவத்தில், முன்பு கண்ட நான்காம் மாணவரின் கட்டத்தில் என்ன எண் இருந்தாலும் அதற்குப் பொருளில்லை. மதிப்புகளுக்குப் பக்கத்தில் தனியே வைக்கப்பட்ட துணுக்குவரிசையில் அவருக்குரிய துணுக்கு 0 என்று நிற்கிறது, அவ்வளவே. 72 முழு எண்ணாகவே இருக்கிறது. அந்நெடுவரிசை ஆர் மொழியின் அகத்துக்குள் வரும்போது, அவ்விடத்தில் -2,147,483,648 என்ற எண் எழுதப்படும், ஏனெனில் முழு எண்களிடையே என்.ஏ. என்பதற்கு ஆர் தேர்ந்துகொண்ட உருவம் அதுவே. மாணவர் தேர்வுக்கு வரவில்லையா, வந்து எழுதிய தாளின் மதிப்பெண் பதியப்படாமல் போயிற்றா என்பதை அந்தத் துணுக்கும் சொல்வதில்லை, இந்த எண்ணும் சொல்வதில்லை. எழுத்தர் தட்டச்சிட்ட 'வரவில்லை' என்ற சொல் மட்டும் அதைச் சொல்லியிருந்தது.